வாத்தியார் சுட்டால் ஓடும், நாம் சுட்டால் சிக்கும்: குட்டிப் பிஸ்டலின் இயற்பியல்

ஹூஸ்டனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடன் வேலை பார்க்கும் அமெரிக்க நண்பர், இடுப்பில் மறைத்து வைத்துக்கொள்ள விலை மலிவான குட்டிப் பிஸ்டல் ஒன்று வாங்கினாராம். சுடும் பயிற்சிக்கு எடுத்துப் போனால் நாலைந்து குண்டுக்கு ஒருமுறை சிக்கிக்கொள்கிறது. சுட்டபின் மிஞ்சும் காலிக் கூடு வெளியே விழாமல் ஸ்லைடின் (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் சறுக்கும் பகுதி) வாயில் நட்டுக்குத்தாக நிற்கிறது. அதையே பயிற்சியாளர் வாங்கிச் சுட்டால் மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) முழுக்கத் தடையில்லாமல் ஓடுகிறது. "துப்பாக்கிக்கு ஆள் தெரியுமா சார்?" என்று கேட்கிறார்.

ஆள் தெரியாது, மணிக்கட்டு தெரியும்.

அமெரிக்காவில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இன்று உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். அதனால் சட்டைக்குள் அடங்குகிற, 200, 300 டாலருக்குக் கிடைக்கிற பிஸ்டல்களுக்குப் பெரிய சந்தை. வாங்கியவர்கள் சொல்லும் குறைகள் ஏறக்குறைய ஒன்றுதான்: கை வலிக்கிறது, சுண்டுவிரலுக்குப் பிடிக்க இடமில்லை, அவ்வப்போது சிக்குகிறது. மூன்றுக்கும் வேர் ஒன்றே: உருவமும் எடையும் குறைவு.

கை வலிப்பது பள்ளிக்கூடக் கணக்கு. 9 மி.மீ. குண்டு சுமார் 7.5 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். முன்னே போகும் அதே உந்தம் பின்னேயும் வரும். வெடிவாயுவின் பங்கை விட்டுவிட்டால், 1 கிலோ துப்பாக்கி நொடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் உதைக்கும். அரைக் கிலோ துப்பாக்கி 5 மீட்டர் வேகத்தில். எடை பாதியானால் கைக்கு வரும் இயக்க ஆற்றல் இரட்டிப்பு. சரி, இது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

சிக்குவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. துப்பாக்கி வெடித்ததும் உதைப்பு நேராகக் கைக்கு வருவதாக நினைக்கிறோம். இல்லை. முதலில் அதை வாங்குவது மேலே சறுக்கி ஓடும் ஸ்லைடும் அதோடு பூட்டியிருக்கும் குழலும் மட்டும்தான். ஜான் பிரவுனிங் வடிவமைத்த ஏற்பாடு இது; நூறு ஆண்டுக்கு மேலாகியும் இன்றைய பெரும்பாலான பிஸ்டல்கள் இதன் வாரிசுகள். குழலும் ஸ்லைடும் சில மில்லிமீட்டர் சேர்ந்தே பின்வாங்கும். அதற்குள் குண்டு வெளியேறி, உள்ளே அழுத்தம் இறங்கிவிடும். உடனே குழலின் பின்முனை சாய்ந்து பூட்டு விடுபட, ஸ்லைடு தனியாகத் தொடர்ந்து ஓடும். ஓடும்போதே காலிக் கூட்டைக் கொக்கியால் இழுத்து வெளியே தட்டிவிடும், ஸ்பிரிங்கை அமுக்கும், திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவை மேகசினிலிருந்து தள்ளி உள்ளே ஏற்றும். எல்லாம் கண் இமைப்பதற்குள்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஸ்லைடு 'பின்னால் போனால்' போதாது. கீழே கையால் பிடிக்கும் பகுதியான பிடிச்சட்டத்தைவிட்டுப் பின்னால் போகவேண்டும். கட்டாத பரிசலிலிருந்து கரைக்குத் தாவியவரைக் கேளுங்கள்: கால் உந்திய வேகத்தில் பாதியைப் பரிசல் தின்றுவிடும், அவர் தண்ணீரில் விழுவார். ஸ்லைடு ஸ்பிரிங்கை அமுக்க, ஸ்பிரிங் பிடிச்சட்டத்தைப் பின்னே தள்ளுகிறது. மணிக்கட்டு விறைப்பாக இருந்தால் சட்டம் நகராது, ஸ்லைடின் ஆற்றல் முழுதும் வேலைக்கு வரும். தளர்ந்திருந்தால் சட்டமும் கூடவே ஓடும்.

எவ்வளவு இழப்பு? பிடியே இல்லாமல் அந்தரத்தில் மிதக்கும் துப்பாக்கியை எண்ணிக்கொள்ளுங்கள். ஸ்லைடு 250 கிராம், சட்டம் 750 கிராம் என்றால், ஸ்லைடின் ஆற்றலில் முக்கால் பங்கு ஸ்பிரிங்கை அமுக்கக் கிடைக்கும். சட்டமும் 250 கிராம்தான் என்றால் பாதிதான் கிடைக்கும். பெரிய துப்பாக்கி தன் எடையாலேயே தன்னைப் பிடித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக் சட்டம் கொண்ட குட்டி பிஸ்டல் அந்த வேலையைச் சொந்தக்காரர் மணிக்கட்டிடம் ஒப்படைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, குட்டி பிஸ்டலில் ஸ்லைடு ஓடும் தூரம் குறைவு, ஸ்பிரிங் கடினம், இரண்டு விரல்தான் பிடியில் உட்காரும். அரைகுறையாக ஓடிய ஸ்லைடு திரும்பும் வழியில் காலிக் கூட்டைக் கவ்விக்கொள்கிறது. நண்பரிடம் சொல்லுங்கள்: கடைக்காரரிடம் சண்டை போடுமுன் முழங்கையையும் மணிக்கட்டையும் உறுதியாக வைத்து ஒரு மேகசின் சுட்டுப் பார்க்கட்டும்.

மலிவுக்கு வேறொரு வழியும் உண்டு. ஒஹையோவின் ஹை-பாயின்ட் நிறுவனத்தின் சி9 பிஸ்டலில் குழலையும் ஸ்லைடையும் பிணைக்கும் பூட்டே கிடையாது, ஸ்லைடின் கனம்தான் பூட்டு. கணக்கு எளிது: குண்டு குழலில் 70 மி.மீ. ஓடுவதற்குள் அரைக் கிலோ ஸ்லைடு 1 மி.மீ. தான் நகரும். அதே ஸ்லைடு 150 கிராமாக இருந்தால் 3.5 மி.மீ. நகர்ந்து, பித்தளைக் கூட்டின் மெல்லிய சுவர் குழலுக்கு வெளியே தெரியும். உச்சத்தில் வளிமண்டலத்தைப்போல 2000 மடங்குக்கும் மேல் அழுத்தம் எழும் இடம் அது, கூடு கிழிந்துவிடும். எனவே சி9 எடை 800 கிராமைத் தாண்டுகிறது. இடுப்பில் செங்கல் மாதிரி கனக்கிறது என்று திட்டுபவர்களும், ஆனால் ஓடுகிறது என்று ஒப்புக்கொள்வார்கள்.

அப்புறம், துப்பாக்கிக்காரர் வட்டாரத்துக்கென்று ஒரு சடங்கு. 'முதல் 200 குண்டுக்குச் சிக்கத்தான் செய்யும், பழகட்டும்' என்பார்கள். புது ஸ்பிரிங் கொஞ்சம் தளர்வதும், உரசும் இடங்கள் வழவழப்பாவதும் உண்மை. ஆனால் அந்த 200 குண்டில் சுடுபவரின் பிடியும்தான் திருந்துகிறது. பெயரைத் துப்பாக்கி தட்டிச் செல்கிறது.

எனக்கு வேடிக்கையாகப் படுவது வேறு. டோஸ்டரில் கோளாறு என்றால் திரும்பப் பெறவைக்க அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. துப்பாக்கி அதன் அதிகாரத்துக்கு வெளியே. துப்பாக்கிக் காயங்களைப் பற்றிய ஆய்வுக்கான மத்திய அரசுப் பணமும் 1996-இன் டிக்கி திருத்தத்துக்குப் பின் (துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவு தேட அந்தப் பணத்தைச் செலவிடக் கூடாது என்ற சட்டப் பிரிவு) வறண்டது. 2020 பட்ஜெட்டில்தான் 2.5 கோடி டாலர் வந்தது. கலிபோர்னியாவில் உருப்படியான சோதனை ஒன்று உண்டு: ஒரே மாடலில் மூன்று துப்பாக்கி, ஒவ்வொன்றிலும் 600 குண்டு, முதல் 20-இல் சிக்கவே கூடாது, அந்த 600-இலும் ஆறுக்கு மேல் கூடாது. அதோடு, தளர்ந்த பிடியில் சில மேகசின்களைச் சுட்டு, எத்தனை முறை சிக்கியது என்ற எண்ணிக்கையையும் பெட்டியில் அச்சிடச் சொல்லலாம். இந்தப் பிஸ்டல்களை வாங்குபவர்களில் வயதானவர்களும் மூட்டுவலிக்காரர்களும் உண்டு; அவர்களுக்கு 600-இல் ஆறு என்பதைவிட அந்த எண்தான் பயன்படும்.