கர்ப்பப் பரிசோதனை கார்டில் இரண்டு கோடு, அப்புறமும் தீட்டா?

கரு தங்கிவிட்டால் மாதவிடாய் வராது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். கர்ப்பப்பையின் உட்சவ்வு உரிவதுதான் தீட்டு. கரு பதிந்ததும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் சுரந்து, சினைப்பை தொடர்ந்து புரோஜெஸ்டிரான் என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்கும்படி செய்யும். அது இருக்கும்வரை அந்தச் சவ்வு உரியாது.

ஆனால் ரத்தம் படலாம். ஏறக்குறைய நான்கில் ஒரு கர்ப்பிணிக்கு முதல் 3 மாதத்துக்குள் படத்தான் செய்கிறது. அதில் பலருக்கும் கர்ப்பம் நல்லபடியாகவே தொடர்கிறது.

கடலூரில் என்னிடம் வருகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வதுதான் என் கவலை. “எப்பவும் அஞ்சு நாள் ஆகும் டாக்டர், போன மாசம் ரெண்டு நாள் லேசா பட்டுச்சு, அவ்ளோதான்” என்பார் பெண். “பலாப்பழம் சாப்பிட்டா, சூடாயிடுச்சு” என்பார் கூட வந்த மாமியார். ஸ்கேன் செய்து பார்த்தால், 5 வாரம் என்று கணக்கு வைத்திருந்தவருக்கு 9 வாரக் கரு, இதயத் துடிப்போடு. போன மாதம் பட்டது தீட்டே இல்லை. பலாப்பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை. கரு உருவாகி 10 முதல் 14 நாளில், கர்ப்பப்பையில் பதியும் சமயத்தில் சிலருக்கு இப்படி இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ படும். தீட்டு வரவேண்டிய தேதியும் அதுதான் என்பதால் ஏமாந்துவிடுகிறோம். தாம்பத்திய உறவுக்குப் பிறகு கர்ப்பப்பை வாயிலிருந்து கசிவதும் உண்டு, கிருமித் தொற்றாலும் படும். சில சமயம் அது கருச்சிதைவின் தொடக்கமாகவும் இருக்கும். நாப்கினைப் பார்த்து எது என்று யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

என்னைப் பயமுறுத்துவது வேறொன்று. கரு கர்ப்பப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கிவிடுவது. 100 கர்ப்பத்தில் ஒன்று அல்லது இரண்டு இப்படி ஆகும். அதிலும் ரத்தம் லேசாகத்தான் படும். “தீட்டு வந்துடுச்சு, மாசம் ஆகல” என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். கரு வளர வளர, பெரும்பாலும் 6 முதல் 8 வாரத்துக்குள் அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி தொடங்கும். குழாய் வெடித்தால் ரத்தம் வயிற்றுக்குள்ளேயே சேரும், வெளியே சொட்டுச் சொட்டாகத்தான் தெரியும். தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், வியர்வை, மயக்கம் வந்தால் வாயுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். பஸ் பிடித்து ஜிப்மர் போய்விடலாம் என்றும் கிளம்பாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் உயிர் நிமிடக் கணக்கில் இருக்கிறது. அதே கருவை முன்பே கண்டுபிடித்தால் பலருக்கு ஊசி மருந்திலேயே சரி செய்துவிடலாம்.

அதனால் நாள் தள்ளிப்போய் வந்த தீட்டு, வழக்கத்தைவிடக் குறைவாக வந்த தீட்டு, இரண்டையும் சந்தேகப்படுங்கள். ஒரு கார்டு வாங்கிக் காலை முதல் சிறுநீரில் பாருங்கள். அதைச் செய்யாமல் தீட்டு வரவழைக்கவோ கலைக்கவோ மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. கலைக்கும் மாத்திரை கருக்குழாயில் உள்ள கருவை ஒன்றும் செய்யாது. அதன் பிறகு வரும் ரத்தத்தைப் பார்த்துக் கலைந்துவிட்டது என்று நம்பிவிடுவார்கள், உள்ளே ஆபத்து வளர்ந்துகொண்டிருக்கும்.

கார்டில் இரண்டு கோடு வந்து ரத்தமும் பட்டால், அன்றோ மறுநாளோ டாக்டரைப் பாருங்கள். மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ கட்டி கட்டியாகப் போனாலோ காய்ச்சல் இருந்தாலோ இரவானாலும் கிளம்புங்கள். சீக்கிரம் எடுத்த ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டால் பயப்பட வேண்டாம். 48 மணி நேர இடைவெளியில் எச்.சி.ஜி. அளவுக்கு இரண்டு ரத்தப் பரிசோதனை, ஒரு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் என்று பார்ப்போம்.

மருமகளைக் கட்டிலை விட்டு இறங்க விடாமல் வைத்திருப்பதால் கரு நிற்காது. முதல் 3 மாதச் சிதைவுகளில் பாதியளவு குரோமோசோம் கோளாறால் வருபவை. மாடி ஏறியதற்காக, குடம் தூக்கியதற்காக அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்லாதீர்கள். அவள் ஏற்கெனவே தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டுதான் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள்.

அப்புறம், வரும்போது ரத்த வகைச் சீட்டை எடுத்து வாருங்கள். நெகட்டிவ் வகையாக இருந்தால் சிலருக்கு, அடுத்த கர்ப்பத்தைக் காக்கும் ஆன்ட்டி-டி ஊசி தேவைப்படும். அதை ரத்தம் பட்ட 72 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.