ஜெனரலிதாத்: சொல் விளக்கம்

ஸ்பெயினின் வடகிழக்கில் உள்ள கத்தலோனியாவின் தன்னாட்சி அமைப்புக்கு ‘ஜெனரலிதாத்’ என்று பெயர். இதைக் ‘கத்தலோனிய அரசு’ என்று தமிழில் எழுதிவிடுவது எளிது. ஆனால் அது பாதிப் பொருளைத்தான் தரும். 2006ஆம் ஆண்டின் தன்னாட்சிச் சட்டப்படி, நாடாளுமன்றம், தலைவர் பதவி, அமைச்சரவை ஆகியவை உள்ளிட்ட முழுக் கட்டமைப்பே ஜெனரலிதாத் ஆகும். அமைச்சரவையை மட்டும் குறிக்கக் கத்தலான் மொழியில் ‘கொவேர்ன்’ என்று வேறு சொல் இருக்கிறது.

‘பொதுவான’ என்று பொருள்படும் இலத்தீன் அடியிலிருந்து வந்தது ‘ஜெனரல்’. இடைக்காலக் கத்தலோனியாவில் திருச்சபையார், பிரபுக்கள், அரசருக்குரிய நகரங்களின் பேராளர்கள் என்னும் முப்பிரிவினரும் ‘கோர்த்ஸ்’ என்னும் பேரவையில் கூடினார்கள். அவர்கள் சேர்ந்து அமைந்த நாட்டுச் சமுதாயம் முழுவதற்கும் ‘ஜெனரல்’ என்று பெயர். அண்டை அரசான காஸ்தீலுடன் நடந்த போருக்கு அரசர் கேட்ட பணத்தைத் திரட்டவும் கணக்குப் பார்க்கவும் 1359இல் செர்வேராவில் கூடிய பேரவை ஒரு நிலையான குழுவை அமைத்தது. அதன் தலைவராக இருந்த ஜிரோனா ஆயர் பெரெங்கேர் த குருயேஸ்தான் இன்றைய எண்வரிசையில் முதல் தலைவர். குழுவின் முறையான பெயர் ‘ஜெனரலின் பேராளர் குழு’ என்பதே. ‘ஜெனரலிதாத்’ என்பதோ, துணி, ஏற்றுமதி, இறக்குமதி போன்றவற்றின்மேல் எந்தப் பிரிவினருக்கும் விலக்கின்றி விதிக்கப்பட்ட பொதுவரிகளின் பெயர். வரியின் பெயரே நாளடைவில் அதை வசூலித்த அவைக்கும் ஆகிவந்தது.

1714இல் ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் பிலிப்பின் படை பார்சிலோனாவைப் பிடித்த பிறகு அவை ஒழிக்கப்பட்டது. சொல் வரலாற்று நூல்களுக்குள் ஒதுங்கியது. 1931 ஏப்ரலில் கத்தலோனியத் தலைவர் பிரான்செஸ்க் மசியா கத்தலான் குடியரசை அறிவித்தபோது, தலைநகர் மத்ரிதிலிருந்து விரைந்துவந்த மூன்று அமைச்சர்கள் அவரோடு பேசி எட்டிய உடன்பாட்டில்தான் இப்பழஞ்சொல் மீண்டும் வெளியே வந்தது. குடியரசு என்னும் பெயரை மசியா விட்டுக்கொடுத்தார். அதற்கு ஈடாக, ஸ்பானியக் குடியரசுக்குள் அமையும் தன்னாட்சிக்கு மன்னர் காலத்து அவையின் பெயர் கிடைத்தது. இரு தரப்பும் ஏற்கக்கூடிய பெயராக அது இருந்ததற்கு அதன் பழமையே காரணம் என்று கருதலாம். இடையில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் விடுபட்டிருந்தும், மசியாவை 122ஆம் தலைவர் என்று எண்ணுகிறார்கள்.

இச்சொல் பட்ட பாட்டை ஜுசெப் தரதேல்யாஸின் வாழ்க்கையில் காணலாம். 1899இல் செர்வெல்யோ என்னும் ஊரில் பிறந்தவர். 1931இல் தோன்றிய கத்தலோனியக் குடியரசு இடதுசாரிக் கட்சியின் முதல் பொதுச்செயலாளர். உள்நாட்டுப் போரின்போது அமைச்சரவையை நடத்தி, போர்த் தொழிற்சாலைகளையும் நிதியையும் ஒழுங்குபடுத்தியவர். 1938இல், குடியரசை எதிர்த்துப் போரிட்ட படைத்தலைவர் பிராங்கோ தன்னாட்சிச் சட்டத்தை நீக்கினார். அடுத்த ஆண்டு தரதேல்யாஸ் பிரான்சுக்குத் தப்பிச் சென்றார். ஜெனரலிதாத்தின் தலைவர் லூயிஸ் கொம்பானிஸ் பிரான்சில் பிடிபட்டு, 1940 அக்டோபர் 15 அன்று பார்சிலோனாவின் மொன்ஜுயிக் கோட்டையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1954இல், மெக்சிகோவிலிருந்த, நாடுகடந்த ஸ்பானியக் குடியரசின் தூதரகத்தில், எஞ்சியிருந்த பழைய நாடாளுமன்ற உறுப்பினர்கள் தரதேல்யாஸைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். தலைவர் என்றால் எதற்குத் தலைவர்? நிலமில்லை, வரியில்லை, அவை கூட வழியில்லை. பிரான்சில் தூர் நகரை அடுத்த சேன் மார்த்தன் ல போவில், திராட்சைத் தோட்டத்துடன் கூடிய வீட்டிலிருந்து, 23 ஆண்டுகள் கடிதங்கள் எழுதியும் ஆவணங்களைத் தொகுத்தும் அப்பதவியை அவர் காத்தார். அந்தக் காலம் முழுவதும் ஜெனரலிதாத் என்பது ஒரு மனிதரும் அவருடைய கோப்புகளும்தான். அக்கோப்புகள் இன்று போப்லெத் மடத்தில் இருக்கின்றன.

பிராங்கோ இறந்தபின், 1977 ஜூன் மாத இறுதியில், பிரதமர் அதோல்போ சுவாரேஸ் தரதேல்யாஸை மத்ரிதுக்கு அழைத்துப் பேசினார். முதல் சந்திப்பு கசப்பாக முடிந்தது. வெளியே வந்த தரதேல்யாஸ் மட்டும் பேச்சு நன்றாக நடந்தது என்று செய்தியாளர்களிடம் சொன்னார்; உண்மையைச் சொல்லியிருந்தால் கதவு அன்றே மூடியிருக்கும். செப்டம்பர் 29 ஆணை ஜெனரலிதாத்தைத் தற்காலிகமாக மீட்டது. அப்போது புதிய அரசியலமைப்புச் சட்டம்கூட எழுதி முடிக்கப்படவில்லை. அக்டோபர் 23 அன்று பார்சிலோனாவில் ஜெனரலிதாத் அரண்மனை மாடத்திலிருந்து அவர் பேசிய முதல் வாக்கியம் “கத்தலோனியாவின் குடிமக்களே, இதோ வந்துவிட்டேன்!” என்பது. ‘கத்தலான்களே’ என்று அழைத்திருந்தால் தெற்கிலிருந்து பிழைக்க வந்து குடியேறியவர்கள் விடுபட்டிருப்பார்கள். முப்பிரிவினரையும் ஒன்றாகக் குறித்த பழைய ‘ஜெனரல்’ அந்த விளியில் ஒலித்தது. 1980இல் அவர் பதவியை ஜுர்தி புஜோலிடம் ஒப்படைத்தார், 1988இல் மறைந்தார்.

தமிழில் இதற்குப் ‘பொதுவாயம்’ என்னும் ஆக்கம் பொருந்தும். ‘ஆயம்’ என்பதற்குக் கூட்டம், வரி என இரண்டு பொருளும் உண்டு. ‘தீர்ப்பாயம்’ என்பதில் முதற்பொருளும், ‘ஆயத்தீர்வை’ என்பதில் இரண்டாவதும் இன்றும் வழக்கில் இருக்கின்றன. வரிப்பொருளை வடமொழி வழி வந்தது என்று கொள்வோரும் உண்டு. அதனால் பொருத்தம் குறைந்துவிடாது. பொதுவரிக்கும் அதைத் திரட்டிய அவைக்கும் கத்தலான் மொழி ஒரே சொல்லைத் தந்தது போலவே தமிழிலும் தர முடிகிறது. ‘தன்னாட்சி அரசு’ என்பது விளக்கம்தானே தவிரப் பெயராகாது. ஸ்பெயினின் மற்றத் தன்னாட்சிப் பகுதிகளுக்கும் அது பொருந்திவிடும். செய்தியில் முதன்முறை ‘ஜெனரலிதாத் எனப்படும் பொதுவாயம்’ என்று எழுதி, பிறகு பொதுவாயம், பொதுவாயத் தலைவர் என்று தொடரலாம். வலென்சியாவும் தன் தன்னாட்சி அமைப்பை இதே சொல்லால் அழைப்பதால், இரண்டும் சேர்ந்து வரும் இடங்களில் கத்தலோனியப் பொதுவாயம், வலென்சியப் பொதுவாயம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.