குளிர் தெரியாத ஊரில் வெங்காயப் பூ

நம் குமரி மாவட்டத்துத் தோவாளைப் பூச்சந்தையில் பிச்சி, அரளி, கேந்தி, ரோஜா என்று மூட்டை மூட்டையாக இறங்கும். அங்கே நான் இதுவரை பார்க்காத ஒரு பூ, நம் வீட்டு உள்ளிக்கும் பல்லாரிக்கும் (பெரிய வெங்காயம்) நெருங்கிய சொந்தம். அல்லியம் ஜைகாண்டியம் என்று பெயர் (அல்லியம் என்பது வெங்காயப் பேரினத்தின் பெயர்). ஒரு மீட்டருக்கு மேல் உயரும் ஒற்றைத் தண்டு, அதன் உச்சியில் 10 முதல் 15 செ.மீ. குறுக்களவில் ஊதா உருண்டை. கிட்டப்போய்ப் பார்த்தால் அது ஒரு பூ இல்லை, நூற்றுக்கணக்கான குட்டி நட்சத்திரப் பூக்கள்.

இதன் விதைப் பொட்டலங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. (வானவில் நிறங்களில் படம் போட்டிருந்தால் வாங்காதீர்கள். அது கம்ப்யூட்டரில் ஏற்றிய நிறம்.) நாகர்கோவிலில் மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் வாங்கி, கத்தரி விதையைப் போலவே தொட்டியில் தூவி, தினமும் தண்ணீர் தெளித்துவிட்டு, ‘ஒண்ணுகூட முளைக்கலியே’ என்று அலுத்துக்கொள்கிறார்கள். நல்ல விதையாக இருந்தாலும் இங்கே அப்படி விதைத்தால் முளைக்காது. காரணம் அதன் சொந்த ஊரில் இருக்கிறது.

ஈரான், ஆப்கானிஸ்தான், மத்திய ஆசிய மலைச்சரிவுகள்தான் இந்தச் செடியின் பூர்வீகம். கோடையில் அங்கே விதை உதிரும்போது மண் காய்ந்து கிடக்கும். இலையுதிர் காலத்தில் ஒரு மழை பெய்து, உடனே முளைத்துவிட்டால், பின்னால் வரும் பனியில் நாற்று செத்துப்போகும். அதனால் ஈரம் கிடைத்தால் மட்டும் இந்த விதை எழும்பாது. ஈரத்தோடு பல வாரக் குளிரும் கிடைத்தால்தான் உள்ளே இருக்கும் தடை தளரும். நாகர்கோவிலிலோ மார்கழி விடியற்காலையில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். விதையின் கணக்கில் குளிர்காலம் இன்னும் வரவே இல்லை.

சரி, குளிரை நாமே கொடுக்கலாம். கழுவிய மணலையோ தென்னை நார்க்கழிவையோ நனைத்து, கையால் இறுக்கிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டாத பதத்தில் எடுத்து, விதையை அதில் கலந்து, ஜிப் கவரில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. 4, 5 டிகிரி போதும். ஒன்றரை, இரண்டு மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஃபிரிட்ஜுக்குள்ளேயே வெள்ளை வேர் நீட்டத் தொடங்கும். அப்போது தொட்டிக்கு மாற்ற வேண்டியதுதான்.

முளைப்பதைப் பார்க்கவே ஒரு லென்ஸ் வாங்கலாம். விதை கறுப்பாக, மூலை மூலையாக, சுருக்கத்தோடு இருக்கும். வேர் கீழே போன பிறகு, வித்திலை (விதையிலிருந்து வரும் முதல் இலை) ஹேர்பின் போல மடிந்து, அந்த வளைவை முன்னால் தள்ளிக்கொண்டு மண்ணைத் துளைக்கும். நுனி மட்டும் விதைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, அங்கே சேர்த்து வைத்திருக்கும் உணவை உறிஞ்சிக்கொண்டிருக்கும். உணவு தீர்ந்ததும் வளைவு நிமிரும், காலியான கறுப்புத் தோல் நுனியில் தொங்கும். இதைப் பார்க்க ஜைகாண்டியம் வேண்டும் என்றில்லை. கடையில் வாங்கிய பல்லாரி விதையும் இதையேதான் செய்யும், அதற்குக் குளிரும் வேண்டாம்.

முதல் வருடம் கிடைப்பது புல் மாதிரி ஒரே ஓர் இலை, அடியில் ஒரு சிறு கிழங்கு. அவ்வளவுதான். கிழங்கு குறிப்பிட்ட பருமனைத் தொடும்வரை பூ கிடையாது. சொந்தச் சீமையிலேயே விதையிலிருந்து பூவுக்கு மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும்.

பெரிய கிழங்கையே வாங்கினால்? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. வெங்காயத்துக்கு, பூ மொட்டு உருவாவதற்கே குளிர் வேண்டும். பாடப்புத்தகம் தட்பப்பதனம் என்று சொல்வது இதைத்தான். ஜைகாண்டியத்தின் வழி வேறு. இலைகள் காய்ந்து, கிழங்கு மண்ணுக்குள் சும்மா கிடப்பதாக நாம் நினைக்கும் கோடை வெப்பத்தில்தான் அடுத்த வருட மொட்டு உள்ளே உருவாகிறது. அப்புறம் வரும் குளிர், அந்த மொட்டைத் தாங்கும் தண்டு நீள்வதற்கு. முதல் பாதிக்கு வேண்டிய வெப்பம் நம்மிடம் தாராளமாக இருக்கிறது. இரண்டாவது பாதிதான் இல்லை. குளிர் போதாவிட்டால் தண்டு குட்டையாக நின்றுவிடும், அல்லது மொட்டு உள்ளேயே கருகும்.

ஆகவே, கிழங்கைப் புரட்டாசி வரை காற்றோட்டமான நிழலில் உலர்வாக வைத்துவிட்டு, பிறகு மூன்று, மூன்றரை மாதம் ஃபிரிட்ஜில் வைக்கலாம். பக்கத்தில் மாம்பழமோ வாழைப்பழமோ இருக்கக் கூடாது. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுத்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை பிறந்த பிறகு நடுவது நல்லது. ஒரு முறை பூ பார்க்க இதுதான் வழி.

பூத்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் நம் மாவட்டம் உண்மையில் கையை விரிக்கிறது. பூத்த கிழங்கு தன்னையே செலவழித்துத் தீர்ந்துபோகும், அதனிடத்தில் புதிய கிழங்கு ஒன்று உருவாகும். அதை ஊட்டி வளர்ப்பவை இலைகள். ஆனால் இந்தச் செடியில் பூ விரியும் முன்பே இலை நுனி மஞ்சளாகத் தொடங்கிவிடும். அசிங்கமாக இருக்கிறதே என்று நறுக்கினால் புதிய கிழங்கு சிறுத்துவிடும். தானாகக் காய்ந்து, மெல்ல இழுத்தால் கையோடு வரும்வரை விட வேண்டும். விதை வேண்டாமென்றால் பூ வாடியதும் உருண்டையை மட்டும் கிள்ளிவிட்டு, பச்சைத் தண்டை விட்டுவையுங்கள். இலை காய்ந்த பிறகு தண்ணீரை அறவே நிறுத்த வேண்டும்.

நம் ஊரில் தண்ணீரை நிறுத்துவது நம் கையில் இல்லையே. ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் தரையில் விட்ட கிழங்கு அழுகிப்போகும். தோண்டி எடுத்து, மண்ணை உதிர்த்து, வலைப்பையில் தொங்கவிடத்தான் வேண்டும். அப்படியும், பங்குனி வெயிலில் இலைகள் சீக்கிரம் காய்ந்துவிடுவதால், புதிய கிழங்கு பூக்கும் பருமனுக்கு வருவது கடினம்.

என்னைக் கேட்டால், இங்கே வளர்க்கச் சரியான அல்லியம் சைனீஸ் சைவ்ஸ்தான். தட்டையான இலை, பூண்டு வாசனை, குடை மாதிரி விரியும் வெள்ளைப் பூங்கொத்து. தாய்லாந்துச் சந்தைகளில் இதன் மொட்டுத் தண்டைக் கட்டுக் கட்டாகக் காய்கறியாகவே விற்கிறார்கள், பூக்கப் பனிக்காலம் வேண்டாம் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ஃபிரிட்ஜ் வேலையும் இல்லை, புது விதை இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். புது விதை என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வெங்காயக் குடும்ப விதைக்கு ஆயுசு குறைவு, நம் கடலோர ஈரக்காற்றில் இன்னும் குறைவு. மிச்ச விதையைக் காற்றுப்புகாத டப்பாவில், உலர்வாக ஃபிரிட்ஜில் வையுங்கள்.

நம் ஊரில் இதற்கு ஓய்வுக் காலம் கிடையாது, வேர்த்தண்டு வருடம் முழுக்க உயிரோடு இருக்கும். இலையை அறுத்துச் சமைக்கலாம், திரும்பத் துளிர்க்கும். பூத்த பின் மூன்று அறை கொண்ட காய்கள் வெடித்துக் கறுப்பு விதை தெரியும் முன்பே பூந்தலைகளை வெட்டிவிடுங்கள். விட்டால் பக்கத்துத் தொட்டியிலெல்லாம் இதுவே முளைக்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தூரைப் பிரித்து நட்டால் நெருக்கம் குறைந்து மறுபடி நன்றாகப் பூக்கும்.