ஸ்ட்ரீமிங், டவுன்லோடு: பாட்டு எழுதியவருக்கும் பாடியவருக்கும் வரவேண்டிய பங்கு

ஆடி மாதம் பிறந்தால் ஊர் ஊராக அம்மன் பாட்டு ஒலிக்கிறது. அவற்றில் பலவற்றை எழுதியவர்களும் மெட்டுப் போட்டவர்களும் சினிமா பக்கமே போகாதவர்கள். ஒரு தொகையை மொத்தமாகக் கையில் வாங்கிக்கொண்டு, ஸ்டாம்ப் பேப்பரில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். அதே பாட்டு இன்று ஸ்பாட்டிஃபையிலும் ஜியோசாவனிலும் யூடியூபிலும் ஓடுகிறது. பாட்டை வெளியிட்ட கம்பெனியிடம் போய்க் கேட்டால், "அப்பவே பணம் வாங்கிட்டீங்களே, இன்னும் என்ன?" என்று ஒரே பதில். பலர் அதை நம்பித் திரும்பிவிடுகிறார்கள். நம்பத் தேவையில்லை. மொத்தத் தொகை வாங்கியவருக்கும் ராயல்டி உரிமை உண்டு. ஆனால் அது தானாக வீடு தேடி வராது.

சட்டத்தை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். 1957ஆம் ஆண்டின் காப்பிரைட் சட்டம் 2012இல் திருத்தப்பட்டது. திருத்தம் அந்த ஆண்டு ஜூன் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் பாட்டின் உரிமையை எழுதிக் கொடுத்தாலும், அது பயன்படும்போது வரும் ராயல்டியில், உரிமையை வாங்கியவரோடு சமமாகப் பங்கு பெறும் உரிமை அவர்களிடமே நிற்கும். அதை விட்டுக்கொடுக்கவும் முடியாது. வாரிசுக்கோ, வசூலித்துத் தரும் காப்பிரைட் சங்கத்துக்கோ மட்டும்தான் கொடுக்கலாம். "எனக்கு ராயல்டி வேண்டாம்" என்று எழுதி வாங்கியிருந்தால் அந்த வரி செல்லாது. சினிமாப் பாட்டுக்கு ஒரே விலக்கு, தியேட்டரில் படத்தோடு ஓடுவது. அதற்குப் பங்கு கிடையாது. ஸ்ட்ரீமிங், டவுன்லோடு, டிவி, ரேடியோ எல்லாவற்றுக்கும் உண்டு.

எப்படிக் கேட்டாலும் பாட்டு பாட்டுதானே, ஸ்ட்ரீமிங்குக்கும் டவுன்லோடுக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றும். கேட்பவருக்கு வித்தியாசம் இல்லை. பணம் வாங்க வேண்டியவருக்கு உண்டு. டிப்ஸ் என்ற பாட்டுக் கம்பெனிக்கும் விங்க் மியூசிக் என்ற ஆப்புக்கும் நடந்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2019இல் இதைப் பிரித்துச் சொன்னது; 2022இல் அதே உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. காசு கொடுத்து ஃபைலை நிரந்தரமாக இறக்கிக்கொண்டால் அது விற்பனை. சந்தா கட்டும்வரை மட்டும் ஆஃப்லைனில் கேட்கிற மாதிரி இறக்கினால் அது வாடகை. நெட்டில் ஓடவிட்டுக் கேட்பது பொதுமக்களுக்குச் சேர்ப்பித்தல். டிவி, ரேடியோவுக்குச் சட்டமே தரும் லைசன்ஸ் வசதி (உரிமையாளரின் சம்மதத்துக்குக் காத்திராமல், கட்டணம் கட்டிப் பாட்டை ஒலிபரப்புவது) இவை எதற்கும் கிடையாது என்றும் சொல்லிவிட்டது. ஆகவே ஆப் நிறுவனம் பாட்டின் உரிமையாளரிடம் பேசி, ஒப்பந்தம் போட்டுத்தான் பாட்டை வைக்க முடியும். அந்த ஒப்பந்தப் பணம் கம்பெனிக்கு வருகிறது. அதில் உங்கள் பங்கு எந்தத் தலைப்பில் வந்திருக்கிறது என்று பார்க்கத் தெரியவேண்டும். சில கணக்குச் சீட்டுகளில் டவுன்லோடு மட்டும் இருக்கும். இன்று காசு கொடுத்து ஃபைல் வாங்குகிறவர் எத்தனை பேர்? அந்த வரியில் சில்லறைதான் நிற்கும். ஸ்ட்ரீமிங் வரி எங்கே என்று எழுத்தில் கேளுங்கள்.

ஒப்பந்தம்

வழக்கமாக ஏமாறுகிற இடம் இதுதான். வாய்ச்சொல்லில் கொடுத்த உரிமை சட்டப்படி கைமாறிய உரிமையே இல்லை. எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். "பத்திரமே போடல, ஆனா பாட்டு அவங்களோடதுன்னு சொல்றாங்க" என்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, "என் கையெழுத்து எங்கே?" என்பதுதான். சினிமாவுக்கும், கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்த்து எழுதிய பாட்டுக்கும் இது பொருந்தாது. அங்கே ஆரம்பத்திலேயே உரிமை தயாரிப்பாளருக்கோ முதலாளிக்கோ போய்விடலாம். தனிப்பாட்டு, பக்திப்பாட்டு எழுதியவர்கள்தான் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

பத்திரம் இருந்தால் காலத்தைப் பாருங்கள். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாமல் விட்டிருந்தால் ஐந்தாண்டுதான். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும்தான். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கேட்கிறவர்களின் கணக்கு அதற்குள் வராது. இந்த இரண்டும் 1994 திருத்தத்திலேயே வந்துவிட்டதால் கேசட் காலத்தின் கடைசிப் பத்திரங்களுக்கும் உதவும். 2012க்குப் பிந்திய பத்திரமானால் இன்னொன்றும் உண்டு. கையெழுத்துப் போட்ட நாளில் புழக்கத்தில் இல்லாத ஊடகத்தை, அதன் பெயரைக் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தால் ஒழிய, அந்தப் பத்திரம் கட்டுப்படுத்தாது. "இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களும்" என்று பொத்தாம் பொதுவாக அடித்து வைத்திருந்தால், அதைப் படித்துப் பயந்து விலகாதீர்கள், வக்கீலிடம் காட்டுங்கள். 2012க்கு முன் போட்ட பத்திரமானால், திருத்தம் எங்களைக் கட்டாது என்று கம்பெனி வாதாடும். கையில் பத்திரத்தின் நகல் இருந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். நகல் தராத கம்பெனியிடம் கையெழுத்தே போடாதீர்கள். "பத்திரம் ஆபீஸ்ல இருக்கு, அப்புறம் தர்றோம்" என்பது பிறகு தருவதற்காகச் சொல்லப்படும் பேச்சு அல்ல.

எந்த வாசலில் நிற்பது

அலைச்சல் தொடங்குவது இங்கே. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் மும்பையில் இருக்கிற ஐபிஆர்எஸ் என்ற காப்பிரைட் சங்கம். 1969இல் தொடங்கியது, புதிய சட்டத்தின்கீழ் 2017இல் மீண்டும் பதிவானது. பாடகருக்கு அது இல்லை. பாடகர்களும் வாத்தியக்காரர்களும் போகவேண்டியது இஸாம்ரா என்ற வேறொரு சங்கம். முன்பு இஸ்ரா என்று இருந்தது. ஒலிப்பதிவின் உரிமை கம்பெனியிடம் இருக்கிறது. கம்பெனிகளுக்குத் தனி அமைப்புகள் உண்டு, அங்கே போய் நின்று பயனில்லை. பாடகர் ஐபிஆர்எஸ்ஸில் மனுப் போட்டு, தகுதி இல்லை என்று பதில் வந்ததும், சட்டத்திலேயே தனக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார். தவறான கதவைத் தட்டியிருக்கிறார், அவ்வளவுதான். எழுதி, மெட்டுப் போட்டு, தானே பாடியவர் இரண்டு இடத்திலும் சேரவேண்டும்.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. அது உதவித்தொகைக்கான அட்டை, இதோடு சம்பந்தமில்லை. யூடியூபுக்கும் ஸ்பாட்டிஃபைக்கும் பாட்டை ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டரிடம் கணக்கு வைத்திருப்பவர்களும் எல்லாம் வந்துவிடுகிறது என்று நினைக்கிறார்கள். அங்கே வருவது ஒலிப்பதிவுக்கான பணம். வரிகளுக்கும் மெட்டுக்கும் வருவது வேறு வழியில், சங்கத்தின் மூலம் வருகிறது. சங்கத்தில் இல்லாதவரின் பங்கு யாருடையது என்று தெரியாமல் கிடக்கும்.

இப்படிப் பிரித்துத் தராமல் கிடக்கும் பணத்தைச் சங்கங்கள் எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கும், ஆண்டுதோறும் கணக்கு அறிக்கையைப் பொதுவில் வைக்க வேண்டும் என்பதற்கும் 2021இல் விதி வந்தது. விதி வந்ததால் மட்டும் யாரும் உங்களைத் தேடி வந்துவிடப் போவதில்லை.

சேரும்போது நம் ஊர்க்காரர்கள் சிக்குவது பெயரில். வங்கிக் கணக்கில் இனிஷியல் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் விரிவாக, கேசட் உறையில் புனைபெயர், ஆப்பில் இங்கிலீஷில் யாரோ ஒருவர் எழுத்தைக் கூட்டி அடித்த பெயர். கம்ப்யூட்டருக்கு இவர்கள் நான்கு ஆட்கள். மனுவிலேயே உங்கள் எல்லாப் பெயர் வடிவங்களையும், புனைபெயர் உட்பட, எழுதிக் கொடுங்கள். பான் எண் கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் வரிப் பிடித்தம் இருமடங்காகிவிடும். உறுப்பினர் ஆனதோடு வேலை முடிந்தது என்று உட்காராதீர்கள். ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகப் பதியவேண்டும்: பாட்டின் பெயர், ஆல்பம், வெளிவந்த ஆண்டு, எழுதியவர், மெட்டமைத்தவர், வெளியிட்ட கம்பெனி. ஆளைப் பதிந்து பாட்டைப் பதியாமல் விட்டு, பணம் வரவில்லை என்று காத்திருப்பவர்கள் நிறைய. சேரும்போது உரிமை ஒப்படைப்புப் பத்திரம் ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள். அதைப் படித்துவிட்டுப் போடுங்கள். அதன்பின் அந்தப் பாட்டை யாருக்காவது சும்மா கொடுக்கிறேன் என்று நீங்களே சொல்ல முடியாமல் போகலாம்.

கம்பெனி உங்கள் பாட்டை 'பாரம்பரியப் பாடல்' என்று போட்டு ஏற்றியிருந்தால் உடனே எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். அப்படிப் போட்டால் எழுதியவர் என்ற ஆளே கணக்கில் இல்லை. ஆனால் எழுதியவர் என்று பெயர் போடச் சொல்லிக் கேட்கும் உரிமை, பாட்டையே விற்றாலும் போகாது. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி என்று வழிவழியாக வந்ததை எடுத்துப் பாடியிருந்தால், அதில் நீங்கள் சேர்த்த வரிகள் எவை, மெட்டில் மாற்றியது எது என்று பிரித்துச் சொல்லத் தயாராக இருங்கள்.

அப்புறம், ஃபைல். புதுப் பாட்டை எம்பி3 ஆக வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தை நிறுத்துங்கள். டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிற ஃபைலை எத்தனை பேர் கேட்டாலும் எந்தக் கணக்கிலும் ஏறாது. அதைவிடப் பெரிய ஆபத்து, யாராவது அந்த ஃபைலை எடுத்துத் தன் பெயரில் டிஸ்ட்ரிபியூட்டர் மூலம் முதலில் ஏற்றிவிடுவது. பிறகு நீங்கள் உங்கள் சேனலில் போட்டால், உங்களுக்கே காப்பிரைட் எச்சரிக்கை வரும். உங்கள் வீடியோவின் வருமானம் அவருக்குப் போகும். ரசிகர்களுக்கு அனுப்ப வேண்டுமானால் வெளியான பிறகு லிங்க் அனுப்புங்கள். வெளியாகும் முன் ஸ்டுடியோ பில், முதலில் பாடிப் பார்த்த போன் பதிவு, வரிகளை எழுதிய நோட்டு, எல்லாவற்றையும் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்காக டெல்லி காப்பிரைட் அலுவலகத்தில் பதிந்தே ஆகவேண்டும் என்று ஏஜென்ட்கள் சொல்லுவார்கள். பதிவு கட்டாயமல்ல, பதியாவிட்டாலும் உரிமை உங்களுடையதுதான். தகராறு வந்தால் பதிவு ஒரு சாட்சியாக உதவும். ஆன்லைனில் நீங்களே போடலாம். வரிகளுக்கோ இசைக்கோ ஒரு படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். ஆயிரக்கணக்கில் கேட்கிறவர் தன் கூலியைக் கேட்கிறார். அந்தப் பதிவுச் சான்றிதழை வைத்து ராயல்டி வரும் என்று சொன்னால் அது பொய்.

எழுதியவர் இறந்துவிட்டால்

பாட்டுக்கும் மெட்டுக்கும் உரிமை, ஆக்கியவர் இறந்தபின் 60 ஆண்டுகள் நீடிக்கும். பாடகரின் உரிமை, பாடிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 50 ஆண்டுகள். ஆகவே அப்பா எழுதிய பாட்டுக்குப் பிள்ளைகள் கேட்கலாம். தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்கவேண்டும்; இறப்புச் சான்றில் இருக்கும் பெயரும் பாட்டில் இருக்கும் பெயரும் பொருந்தாவிட்டால் அங்கேயே மாதக்கணக்கில் இழுப்பார்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்ற உறுதிமொழிப் பத்திரத்தைப் பழைய கேசட் உறை, அழைப்பிதழ், நோட்டீஸ் நகல்களோடு முதலிலேயே வைத்துவிடுங்கள். வாரிசுகள் பலர் என்றால் யார் கணக்கில் பணம் வருவது என்று முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பி சண்டையில் கிடப்பில் போன கோப்பை எந்த அலுவலகமும் தூசி தட்டி எடுக்காது.

கம்பெனி அசையவே இல்லை என்றால் என்ன செய்வது? முன்பு இதற்கென்றே காப்பிரைட் வாரியம் என்று ஒன்று இருந்தது. 2017இல் அதை அறிவுசார் சொத்து வழக்குகளுக்கான தீர்ப்பாயத்தோடு இணைத்தார்கள். 2021இல் அந்தத் தீர்ப்பாயத்தையே கலைத்துவிட்டார்கள். சாமானியர் போய் நிற்க இருந்த ஒரே இடமும் போய், எல்லாம் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. வழக்குக்கு முன் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் கணக்குக் கேட்டு எழுதுங்கள். போனில் பேசியது எதற்கும் உதவாது. வக்கீலுக்குக் காசில்லை என்று நின்றுவிடாதீர்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவானாலும் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது பத்திர நகல், பாட்டு எந்தெந்த ஆப்பில் இருக்கிறது என்பதற்கான ஸ்கிரீன்ஷாட், பெயர் போட்டிருக்கும் பக்கம், தபால் ஒப்புகை அட்டை ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். "என் பாட்டைத் திருடிட்டாங்க" என்று மட்டும் சொன்னால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். "ராயல்டிப் பங்கு, காப்பிரைட் சட்டம் பிரிவு 18, 19" என்று மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.