நெட்வொர்க் உயிரோடு இருக்கும்போதே கன்சோல் கேபிளைச் செருகிப் பாருங்கள்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கிடங்கு அலுவலகத்தின் முதன்மை சுவிட்சில் தொலைவிலிருந்து வேலை செய்துகொண்டிருந்த பொறியாளர் ஒருவர், ட்ரங்க் போர்ட்டில், அதாவது பல விலான்களை (ஒரே சுவிட்சுக்குள் பிரித்துவைக்கும் தனித்தனி நெட்வொர்க்குகளை) ஒன்றாகச் சுமக்கும் போர்ட்டில், புதிதாக விலான் 30-ஐச் சேர்க்க எண்ணி, ‘சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலௌட் விலான் 30’ என்று கட்டளையிட்டார். எண்ணுக்கு முன் வரவேண்டிய ‘ஆட்’ என்ற ஒரு சொல் விடுபட்டுவிட்டது. அந்தச் சொல் இல்லையென்றால் சிஸ்கோ சுவிட்ச் பழைய பட்டியலோடு 30-ஐச் சேர்க்காது. பட்டியலையே நீக்கிவிட்டு 30-ஐ மட்டும் வைத்துக்கொள்ளும். அவர் உள்ளே வந்திருந்த வழியும் அதே ட்ரங்க்தான் என்பதால், என்டரை அழுத்திய கணமே அவருடைய இணைப்பும் அறுந்தது, கிடங்கின் இணையமும் போனது.

அருகில் இருந்தவன் நான் என்பதால் என்னை அனுப்பினார்கள். சுவிட்சை அணைத்துப் போட்டால் சேமிக்கப்படாத மாற்றம் போய்விடுமே என்று வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முந்தைய வாரங்களில் செய்த மாற்றங்களில் எவை சேமிக்கப்பட்டன என்று அங்கே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு தவறைத் திருத்தப் போய் பத்து வேலைகளை இழக்க நான் விரும்பவில்லை. ஆகவே நெட்வொர்க்கின் துணையின்றிக் கேபிள் வழியாகச் சுவிட்சோடு நேரடியாகப் பேசும் கன்சோல்தான் வழி என்று முடிவு செய்தேன்.

கேபிள் என் பையில் இருந்தது. மடிக்கணினிதான் புதிது, கேபிளின் யுஎஸ்பி-சீரியல் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் அதில் இல்லை. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தது. டிரைவரை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையமோ நான் திருத்த வந்த சுவிட்சுக்கு அப்பால் இருந்தது. தரைக்கீழ்த் தளமாதலால் கைபேசியிலும் சிக்னல் இல்லை. மடிக்கணினியைத் திறந்தபடியே ஏந்திக்கொண்டு மூன்று மாடி ஏறி, மொட்டை மாடியில் நின்று டிரைவரை இறக்கிக்கொண்டு வந்தேன். திருத்த வேண்டியிருந்தது ஒரே வரி, அரை நிமிட வேலை. அதற்கு முன் போன முக்கால் மணி நேரத்துக்கு முழுப் பொறுப்பும் என்னுடையது. கேபிள் கையில் இருப்பதையே கன்சோல் தயாராக இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

பலரிடமும் இந்த மயக்கம் இருக்கிறது. பழைய நீலநிறத் தட்டைக் கேபிளின் ஒரு முனையில் ஆர்ஜே-45 செருகியும் மறுமுனையில் ஒன்பது முள் கொண்ட டிபி-9 செருகியும் இருக்கும். பார்வைக்கு நெட்வொர்க் கேபிள் போலவே இருந்தாலும் உள்ளே கம்பிகள் தலைகீழாக ஓடுகின்றன: இரு முனையும் ஆர்ஜே-45 ஆக உள்ள வகையில் 1-ஆம் முள் 8-க்கும், 2-ஆம் முள் 7-க்கும் போகும். ரோலோவர் என்ற பெயர் அதனால் வந்தது. சாதாரண பேட்ச் கேபிளைக் கன்சோல் துளையில் செருகி, மறுமுனையைக் கணினியின் லேன் போர்ட்டில் மாட்டிவிட்டுக் காத்திருப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். துளை ஒரே வடிவம் என்றாலும் அதில் ஈதர்நெட் இல்லை. 1960-இல் வகுக்கப்பட்ட ஆர்எஸ்-232 என்ற சீரியல் தரத்தின்படிதான் சுவிட்ச் அங்கே பேசுகிறது.

இன்றைய மடிக்கணினிகளில் டிபி-9 போர்ட் இல்லாததால், இடையில் யுஎஸ்பி மாற்றி ஒன்று தேவைப்படுகிறது. தொல்லை பெரும்பாலும் இந்த மாற்றியில்தான். மலிவான மாற்றிகள் சிலவற்றில் புரொலிஃபிக் நிறுவனச் சிப்பின் போலி இருக்கும்; புதிய விண்டோஸ் டிரைவர் அதை அடையாளம் கண்டு ‘கோட் 10’ என்ற பிழையோடு இயங்க மறுத்துவிடும். நேற்று வரை வேலை செய்த கேபிள், விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பின் இன்று வேலை செய்யாமல் போவதற்கு இது ஒரு காரணம். கூடுதலாகச் சில நூறு ரூபாய் போனாலும் நம்பகமான இடத்தில் எஃப்டிடிஐ சிப் உள்ளதை வாங்குவதே என் வழக்கம். லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு டிரைவர் தொல்லை குறைவு என்றாலும், பயனரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்க்க மறந்தால் அனுமதி மறுக்கப்படும்.

டிவைஸ் மேனேஜரில் காம் எண்ணை (கேபிளுக்கு விண்டோஸ் கொடுக்கும் போர்ட் எண்ணை) பார்த்து, புட்டி, டெரா டெர்ம் போன்ற டெர்மினல் மென்பொருளில் கொடுத்த பிறகு, வேகம் பொருந்த வேண்டும். சிஸ்கோ சுவிட்சுகளிலும் ஜூனிப்பர் இஎக்ஸ் வரிசையிலும் பொதுவாக நொடிக்கு 9600 பிட். மைக்ரோடிக்கிலும் அரூபா சிஎக்ஸிலும் 115200. எட்டு டேட்டா பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட் என்பது ஏறக்குறைய எங்கும் மாறாதது. திரையில் புரியாத குறிகள் கொட்டினால் மகிழ்ச்சி அடையுங்கள்: கேபிளும் டிரைவரும் சரி, பெரும்பாலும் வேகம்தான் தவறு. எழுத்துகள் ஒழுங்காக வந்தும் நீங்கள் தட்டுவது ஏறவில்லை என்றால் மென்பொருளில் ஃப்ளோ கன்ட்ரோல் என்ற அமைப்பை ‘நன்’ என்று மாற்றிப் பாருங்கள். எதுவுமே தெரியாவிட்டால் முதலில் என்டரை இரண்டு முறை அழுத்துங்கள், ஏனெனில் சும்மா இருக்கும் சுவிட்ச் தானாக எதையும் எழுதாது. துவக்கச் செய்திகளைப் பார்ப்பதற்காக, ஓடிக்கொண்டிருக்கும் சுவிட்சின் மின்கம்பியைப் பிடுங்குவது மட்டும் வேண்டாம்.

9600 வேகத்தில் ஒரு நொடிக்கு அதிகபட்சம் 960 எழுத்துகளே போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். நூற்றுக்கணக்கான வரிகளை ஒரே மூச்சில் ஒட்டினால், சுவிட்ச் ஈடுகொடுக்க முடியாமல் நடுவில் எழுத்துகள் விழுந்துபோகக்கூடும். பாதி வெட்டுப்பட்ட கட்டளை பிழையாக நின்றுவிட்டால் நல்லது, வேறு பொருளில் ஏற்கப்பட்டுவிட்டால் அதுவே அடுத்த கோளாறு. டெரா டெர்மில் வரிக்கு வரி சில மில்லிநொடி இடைவெளி வைக்கும் அமைப்பு இதற்காகவே உள்ளது.

இவை எல்லாவற்றையும் விட என்னைக் கவலைப்பட வைப்பது, கேபிளைக் கழற்றும் விதம். தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக வந்தவரின் ஜன்னலை மூடினால் அந்த அமர்வு முடிந்துவிடும். சிஸ்கோவின் கன்சோல் வழக்கமான அமைப்பில் அப்படியில்லை. கேபிளைப் பிடுங்கியதைச் சுவிட்ச் கவனிப்பதில்லை. முழு அதிகாரம் தரும் எனேபிள் நிலையில் நீங்கள் விட்டுச் சென்றால், காலக்கெடு முடியும்வரை அதே நிலையில் அது காத்திருக்கும். இயல்பான காலக்கெடு பத்து நிமிடம். வேலையின் நடுவே அறுபடுவது எரிச்சலூட்டுகிறது என்று ‘எக்ஸெக்-டைம்அவுட் 0 0’ கொடுப்பவர்கள் நம்மிடையே நிறைய உண்டு, நானும் கொடுத்திருக்கிறேன். அப்படிக் கொடுத்தால் காலக்கெடுவே இல்லை.

வேறொரு இடத்தில், வரவேற்பறைக்குப் பின்னால் பூட்டாத அலமாரியில் இருந்த சுவிட்சில் கேபிளைச் செருகி என்டரை அழுத்தினேன். பயனர் பெயரும் கேட்கவில்லை, கடவுச்சொல்லும் கேட்கவில்லை. சுவிட்சின் பெயரும் அதன் பின்னே ‘#’ குறியும் நேராக வந்து நின்றன. எப்போதோ யாரோ விட்டுச்சென்ற அமர்வு அது. அந்தக் குறியின் முன் நிற்பவர் முழு அமைப்பையும் படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். எஸ்எஸ்ஹெச்சுக்கு நீளமான கடவுச்சொல் வைத்திருந்த அதே நிறுவனம்தான், அலமாரிக்குப் பத்து ரூபாய்ப் பூட்டுகூடப் போடவில்லை. காலக்கெடுவை ஐந்து நிமிடமாக்கி, கன்சோலுக்கான ‘லைன் கான் 0’-இன் கீழ், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கவைக்கும் ‘லாகின் லோக்கல்’ சேர்த்து, சேமித்துவிட்டு, பொறுப்பாளரை அழைத்து அலமாரியைக் காட்டினேன்.

இப்போது புதிய மடிக்கணினி வந்தாலோ, விண்டோஸ் பெரிதாகப் புதுப்பிக்கப்பட்டாலோ, மேசையில் உள்ள பழைய சுவிட்ச் ஒன்றில் அன்றே கேபிளைச் செருகிப் பார்த்துவிடுகிறேன். டிரைவர் கோப்பும் புட்டியும் ஒரு பென் டிரைவில் பையிலேயே கிடக்கின்றன. வேலை முடிந்ததும் ‘எக்ஸிட்’ கொடுத்து, ‘பிரஸ் ரிட்டர்ன் டு கெட் ஸ்டார்ட்டட்’ என்ற வரி திரையில் வந்த பிறகே கேபிளில் கை வைக்கிறேன்.