கேஷ் என்றால் பதுக்ககம்

பட்டியலை மேலே தள்ளும்போது ஆப் திணறுகிறது என்று புலம்பினால், பக்கத்தில் இருப்பவர் சொல்லும் முதல் வைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான்: 'படத்தை கேஷ் பண்ணு.' அதாவது, ஒருமுறை எடுத்ததன் நகலை, அடுத்த முறை சட்டென்று எடுக்கப் பக்கத்திலேயே வைத்துக்கொள். அந்தச் சொல்லை ஆளுக்கொரு விதமாக ஒலிக்கிறோம். கேச், கேட்ச், கேஷே என்று எல்லாம் காதில் விழும். சரியான ஒலிப்பு 'கேஷ்'. ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதே ஒலிதான். 'கேட்ச்' என்று மட்டும் சொல்லாதீர்கள். பிழை பிடிக்கும் 'ட்ரை–கேட்ச்'சோடு குழம்பிவிடும்.

ஊர் எது இந்தச் சொல்லுக்கு? பிரெஞ்சு. அந்த மொழியில் 'கஷே' என்றால் ஒளித்து வை. வட அமெரிக்கக் காடுகளில் மென்மயிர்த் தோலுக்காக விலங்கு பிடிக்கப் போன பிரெஞ்சு வேட்டையாடிகள், எல்லாச் சுமையையும் கூடவே தூக்கிக்கொண்டு அலைய முடியாமல், உணவையும் தோலையும் வழியிலேயே குழி தோண்டி மறைத்து வைத்தார்கள். அந்த மறைவிடமும் அதில் இருந்த பண்டமும் 'கேஷ்' என்று ஆங்கிலத்துக்குள் வந்தன.

கணினிக்கு அது வந்த கதை இன்னும் சுவாரசியம். வேகமான சிறிய நினைவகம் ஒன்றைப் பெரிய, மெதுவான நினைவகத்துக்கு முன்னால் வைக்கலாம் என்று 1965இல் பிரிட்டன் கணினி அறிவியலாளர் மாரிஸ் வில்க்ஸ் எழுதியபோது அவர் வைத்த பெயர் 'அடிமை நினைவகம்'. ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 வரிசையின் 85ஆம் மாடலில் அப்படி ஒன்றைப் பொருத்தியது. அதன் பொறியாளர்கள் வைத்த பெயரோ 'அதிவேக இடையகம்'. அதை விளக்கும் கட்டுரைகள் ஐபிஎம்மின் ஆய்விதழுக்கு வந்தன. இதழின் ஆசிரியர் லைல் ஜான்சனுக்கு அந்தப் பெயர் சப்பென்று பட்டது. வேறு நல்ல பெயர் கேட்டார், யாரும் தரவில்லை, தானே 'கேஷ்' என்றார். 1968இல் அச்சேறியது, ஒட்டிக்கொண்டது. அந்த முதல் கேஷின் கொள்ளளவு 16 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதற்குள் அடங்காது.

சரி, தமிழில்? 'தற்காலிகச் சேமிப்பு' என்பது பரவலாகக் கண்ணில் படுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிடிக்கவில்லை என்பதற்காகச் சொல்லவில்லை, அது ஆளைக் கவிழ்க்கும். ஒருவர் பாதி தட்டச்சு செய்த கடிதத்தை ஆப் எங்காவது வைத்திருக்க வேண்டும். அது தற்காலிகமானதுதான், அனுப்பியதும் தேவையில்லை. ஆகவே அதை கேஷ் கோப்புறையில் போடலாமா? போட்டால் போச்சு. ஆண்ட்ராய்டும் ஐஓஎஸும் இடம் குறையும்போது அந்தக் கோப்புறையைக் கேட்காமலே காலி செய்யலாம். கடிதத்துக்கு வேறு பிரதி கிடையாது. கேஷில் இருக்க வேண்டியது, தொலைந்தாலும் மூலத்திலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளவோ கணக்கிட்டுக்கொள்ளவோ முடிகிற ஒன்று. காலம் குறைவா கூடுதலா என்பது இங்கே பேச்சே இல்லை.

'பதுக்கு நினைவகம்', 'பதுக்ககம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். என் ஓட்டு பதுக்ககத்துக்கு. ஒதுங்கு–ஒதுக்கு, அடங்கு–அடக்கு போல, பதுங்கு–பதுக்கு. தானே ஒளிந்தால் பதுங்குதல், இன்னொன்றை ஒளித்தால் பதுக்குதல். பிரெஞ்சு வினையின் பொருள் அப்படியே பொருந்துகிறது. பழமைக்கும் குறைவில்லை: சங்கப் பாடல்களில் பாலை வழியில் வீழ்ந்தவர்களை மூடிய கற்குவியலுக்குப் 'பதுக்கை' என்று பெயர். வினையாகவும் வளையும்: படத்தைப் பதுக்கு, பதுக்கியதை எடு. 'தற்காலிகச் சேமிப்பு செய்' என்று யார் வாயில் நுழையும்?

ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். வேட்டையாடி குழியில் வைத்தது அசல் பண்டம். நாம் வைப்பது நகல். 'நகல்' என்ற பொருள் பிரெஞ்சுச் சொல்லிலும் இல்லை, தமிழ்ச் சொல்லிலும் இல்லை.

பதுக்கல் என்றாலே கள்ளச்சந்தை ஞாபகம் வருகிறதே என்பது வழக்கமான எதிர்ப்பு. வரட்டும், நல்லதுதான். மோசமாக எழுதிய கேஷ் செய்வதும் அதையேதான்: ஒன்றையும் வெளியே விடாமல் குவித்துக்கொண்டே போவது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 4000க்கு 3000 புள்ளி கொண்ட புகைப்படம் கோப்பாகச் சில மெகாபைட்தான். திரையில் காட்ட விரித்தால் புள்ளிக்கு 4 பைட் வீதம் 48 மெகாபைட். ஆண்ட்ராய்டு ஆயத்தமாகத் தரும் பதுக்ககமான எல்ஆர்யூகேஷை 50 என்று எல்லை வைத்து உருவாக்குகிறீர்கள். 50 மெகாபைட் என்று உங்கள் நினைப்பு. அதுவோ, நீங்கள் 'சைஸ்ஆஃப்' செயற்கூறை மாற்றி எழுதாதவரை, உருப்படிகளை எண்ணும். 50 படங்கள், 2.4 கிகாபைட். அந்த எல்லையைத் தொடும் முன்பே ஆப் செத்துவிடும். சைஸ்ஆஃபில் படத்தின் பைட் அளவைத் திருப்பி அனுப்புங்கள், எல்லையையும் பைட்டிலேயே வையுங்கள். அதைவிட முக்கியம், 200க்கு 200 கட்டத்தில் காட்டப்போகும் படத்தை அந்த அளவுக்குச் சுருக்கியே விரித்துப் பதுக்குங்கள். 48 மெகாபைட் 160 கிலோபைட்டாக இறங்கும். திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டால் ஒரு சட்டத்துக்கு (ஃபிரேம்) 16 மில்லிநொடிக்குச் சற்று மேல்தான் அவகாசம்; விரிக்கும் வேலையை அதற்குள் திணிக்காமல் இருக்கத்தானே இத்தனை பாடும்.

எல்ஆர்யூ என்பது நெடுநாள் தொடாததை முதலில் வெளியேற்றும் முறை. ஐஓஎஸின் என்எஸ்கேஷ் நினைவக நெருக்கடி வந்தால் தானாகவே சிலவற்றை விட்டுவிடும். எல்ஆர்யூகேஷ் அப்படி விடாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

வெளியேற்றுவதாவது கணக்கு. எது பழசாகிவிட்டது என்று தெரிந்துகொள்வதுதான் தலைவலி. நான் எழுதிய ஒரு ஆப்பில் பயனர் தன் முகப்புப் படத்தை மாற்றுவார், 'மாற்றப்பட்டது' என்று செய்தியும் வரும், படம் மட்டும் பழையதே நிற்கும். அரை நாள் சர்வரைச் சந்தேகப்பட்டேன். சர்வர் பாவம், புதுப் படத்தைத்தான் வைத்திருந்தது. படத்தின் இணைய முகவரி மாறவில்லை, என் பதுக்ககத்தில் படத்தைத் தேடும் அடையாளமான சாவியே அந்த முகவரிதான், ஆகவே அது சர்வரைக் கேட்கவே போகவில்லை. படம் மாறும்போதெல்லாம் முகவரியின் வாலில் ஒரு பதிப்பு எண் மாறும்படி செய்ததும் தீர்ந்தது. (இதே இனத்தில் இன்னும் கெட்டது ஒன்று உண்டு: சாவியில் பயனர் எண்ணைச் சேர்க்க மறந்தால், ஒருவர் வெளியேறி இன்னொருவர் நுழையும்போது முன்னவரின் விவரம் தெரியும். அப்புறம் அது வேகப் பிரச்சினை இல்லை, அந்தரங்கப் பிரச்சினை.)

பெயர் ஏமாற்றும் இன்னொரு இடம் ஹெச்டிடிபி தலைப்புகள், அதாவது சர்வர் தன் பதிலோடு சேர்த்து அனுப்பும் குறிப்புகள். 'நோ-கேஷ்' என்றால் பதுக்காதே என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் பதுக்கலாம், ஒவ்வொரு முறையும் சர்வரிடம் 'இது இன்னும் செல்லுமா' என்று கேட்டுவிட்டே எடுத்துக் கொடுக்க வேண்டும். மாறவில்லை என்றால் சர்வர் 304 என்று மட்டும் சொல்லும், உள்ளடக்கம் மறுபடி வராது. பதுக்கவே கூடாது என்பதற்கு 'நோ-ஸ்டோர்'. தமிழாக்குகிறவர்கள் முதலாவதைக் 'கேட்காமல் தராதே' என்றும் இரண்டாவதைப் 'பதுக்காதே' என்றும் எழுதினால், மூலத்தில் இருக்கும் குழப்பம் தமிழில் இருக்காது.