கை வலிச்சாத்தான் மிருதங்கம் வருமா?

சிங்கப்பூர்ல சின்னப் பிள்ளைங்களுக்கு மிருதங்கம் சொல்லித் தர்றவன் நான். வாரத்துக்கு ஒரு கிளாஸ். பெத்தவங்க அதிகமா கேக்கற கேள்வி, "சார், எப்ப இவன் வேகமா வாசிப்பான்?" நான் திருப்பிக் கேக்கற முதல் கேள்வி, வீட்ல வாசிச்சா கை வலிக்குதுன்னு சொல்றானா? பாதிப் பேரு, ஆமா சார் சொல்றான், ஆனா அது பழகினா சரியாயிடும்ல, வலிச்சாத்தானே வித்தை வரும்னு சொல்வாங்க. இந்த நினைப்ப மாத்தத்தான் இத எழுதறேன், ஏன்னா இது தப்பு, வளர்ற பிள்ளைங்க கைக்கு இது கெடுதல்.

முதல்ல ஒண்ண பிரிச்சு சொல்லிடறேன். விரல் நுனித் தோல் கொஞ்சம் காய்ச்சுப் போறது, வாசிச்சு முடிச்சதும் உள்ளங்கை சூடா செவப்பா இருக்கறது, இதெல்லாம் சாதாரணம், அரை மணி நேரத்துல போயிடும். ஆனா மணிக்கட்டு வலி, முழங்கைக்குக் கீழ இழுத்துப் பிடிக்கற மாதிரி வலி, விரல் மரத்துப் போறது, ஊசி குத்தற மாதிரி இருக்கறது, மறுநாள் ஸ்கூல்ல பென்சில் பிடிக்கக் கஷ்டமா இருக்குன்னு சொல்றது, இதுல எது வந்தாலும் அன்னிக்கே வாசிக்கறத நிறுத்திடுங்க, ரெண்டு மூணு நாள் ஓய்வு குடுங்க, போகலன்னா பாலிகிளினிக்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. என்கிட்டயும் சொல்லிடுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன், எனக்கு அது தெரிஞ்சே ஆகணும்.

இந்த வலி எங்கேர்ந்து வருதுன்னு பாத்தா நிறைய வீட்ல ஒரே கதைதான். சனிக்கிழமை கிளாஸ்னா திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் மிருதங்கம் உறைக்குள்ளயே இருக்கும், டியூஷன், சிசிஏ (ஸ்கூல் இணைப்பாட நடவடிக்கை), ஹோம்வொர்க்னு நாள் ஓடிடும், வெள்ளிக்கிழமை ராத்திரி திடீர்னு அம்மாவுக்கு ஞாபகம் வந்து "நாளைக்கு கிளாஸ் இருக்கு, உக்காரு"ன்னு சொல்ல ஒரு மணி நேரம் வெறி பிடிச்ச மாதிரி அடிச்சுட்டு மறுநாள் கை வீங்கி வந்து நிக்கும் பிள்ளை. ஒரு வாரம் சும்மா இருந்த தசையும் நரம்பும் ஒரே ராத்திரியில அவ்ளோ வேலைய எப்படித் தாங்கும். அதுக்கு பதிலா தினமும் 15 நிமிஷம் போதும். உண்மையாவே போதும், 7, 8 வயசுப் பிள்ளைக்கு அதுக்கு மேல கவனமும் நிக்காது. வாரம் ஒரு தடவை நான் பாக்கறது திருத்தத்தான், கை பழகறது நடுவுல இருக்கற அந்த ஆறு நாள்லதான்.

அந்த 15 நிமிஷத்துல முதல் 5 நிமிஷம் மிருதங்கத்தத் தொடவே வேணாம், வாயால சொல்லிக் கையில தாளம் போடட்டும். ஆதி தாளம்னா 8 அட்சரம், அதாவது 8 எண்ணிக்கை, ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு (வீச்சுன்னா உள்ளங்கைய மேல திருப்பறது). அது மேல தகதிமின்னு சொற்கட்டு (வாயால சொல்ற மிருதங்க எழுத்துங்க) சொல்லணும், முதல் காலத்துல, அதாவது முதல் வேகத்துல, ஒரு அட்சரத்துக்கு ஒரு எழுத்து, ரெண்டாம் காலத்துல ரெண்டு, மூணாம் காலத்துல நாலு. வாயில தெளிவா வராதது கையில வராது, வந்தா அது குருட்டாம்போக்குல வந்ததுதான், மேடையில கைவிட்டுடும். மிஸ்ரம்ங்கற 7 எண்ணிக்கைய தகிட தகதிமின்னு 3, 4-ஆ பிரிச்சு சொல்லத் தெரிஞ்ச பிள்ளைக்கு வாசிக்கறப்ப எங்க நிக்கறோம்னு தெரியும், விரல் பயந்து இறுகாது. இறுகற விரல்தான் வலிக்கற விரல்.

அப்புறம் வாசிப்பு. போன்ல மெட்ரோனோம் (சீரா டிக் டிக்னு தட்டற) ஆப் ஏதாவது போட்டு நிமிஷத்துக்கு 60 தட்டுல ஆரம்பிங்க. முதல் பாடமான த தி தொம் நம், அவ்ளோதான். பிசகில்லாம மூணு தடவை வந்தா 65-க்குப் போகட்டும், பிசகுனா திரும்ப 60. இதுல பிள்ளைக்கு போர் அடிக்கும், "சார் ஃபாஸ்ட்டா வாசிக்கலாம் லா"ன்னு எங்கிட்டயே கேப்பாங்க, அப்பதான் பெரியவங்க உறுதியா இருக்கணும். யூட்யூப்ல தனி ஆவர்த்தனம் (கச்சேரியில மிருதங்கம் மட்டும் தனியா வாசிக்கற பகுதி) பாத்துட்டு அந்த வேகத்தப் பிடிக்கப் போற பிள்ளை தோள்லேர்ந்து அடிக்கும், மணிக்கட்டு கட்டை மாதிரி ஆயிடும், இந்தப் பழக்கம் ஒரு வருஷம் ஊறிட்டா எடுக்க அத விட அதிக நாள் ஆகும். மிருதங்கத்துல நாதம் பலத்தால வர்றதில்ல. விரல் எந்த எடத்துல விழுது, விழுந்த உடனே எவ்ளோ லேசா எழும்புது, அதுலதான் இருக்கு. 'நம்' வாசிக்கறப்ப ஆள்காட்டி விரல் மீட்டுல (வலது பக்கத் தோலோட வெளி விளிம்பு) பட்டுட்டு எழுந்தாத்தான் அது பாடும், அழுத்தி வெச்சா எவ்ளோ பலமா அடிச்சாலும் செத்த சத்தம்தான்.

பல பேருக்குத் தெரியாத ஒரு காரணம் இருக்கு, வாத்தியமே பிள்ளைய பலமா அடிக்க வைக்கும். நம்ம ஊர்ல சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல, தோல் அத இழுத்துத் தளர்ந்துடும், சுருதி எறங்கிடும், நாதம் மந்தமாகும், பிள்ளை தன் கை சரியில்லன்னு நெனச்சு இன்னும் ஓங்கி அடிக்கும். தொப்பிப் பக்கமும், அதாவது இடது கை வாசிக்கற பெரிய பக்கமும், அப்படித்தான், ரவைய குழைச்சு நடுவுல ஒட்டினாத்தான் 'தொம்' ஆழமா வரும், "ரவை பிசைய நேரமில்ல சார்"னு அப்படியே வாசிக்க விட்டா இடது கை பாவம் வராத சத்தத்துக்காக மல்லுக்கட்டும். அதனால ரவைக்கு 2 நிமிஷம் ஒதுக்குங்க, வாசிச்சு முடிச்சதும் சுத்தமா எடுத்துடுங்க, காய விட்டா பூச்சி வரும். ஏர்கான் ரூம்லேர்ந்து வெளிய, வெளியேர்ந்து ஏர்கான்னு அத அலைய விடாதீங்க. சுருதி எறங்கினா வார (பக்கவாட்டுத் தோல் பட்டைய) இழுத்து கல்லாலயும் புள்ளாலயும் (சின்ன மரக்கட்டை) நீங்களே தட்டிப் பாக்க வேணாம், கிளாஸுக்குக் கொண்டாங்க.

சைஸும் முக்கியம். பெரியவங்க வாசிக்கற 22, 24 அங்குல மிருதங்கத்த "வளந்தா உதவும்"னு 7 வயசுப் பிள்ளைக்கு வாங்கித் தர்றாங்க, ரெண்டு கையும் எட்டாம தோள தூக்கிட்டு வாசிக்கும் பிள்ளை, முதுகும் கழுத்தும் சேந்து வலிக்கும். வாங்கறதுக்கு முன்னாடி பிள்ளையத் தரையில உக்கார வெச்சு, வாத்தியத்த வலது கால் மேல சாச்சு, தோள் தளர்வா இருக்கறப்ப ரெண்டு உள்ளங்கையும் ரெண்டு பக்கமும் படியுதான்னு பாருங்க. இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளைய வலது கைக்கு மாத்தச் சொல்லிக் கேக்கற தாத்தா பாட்டிங்களும் இருக்காங்க. மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர்தான், வழக்கமா வலது கையால வாசிக்கற வலந்தலைப் பக்கத்த இடது கையாலதான் வாசிச்சார். பிள்ளைக்கு எது இயல்போ அப்படியே விடுங்க.

இப்ப காது. எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) வீட்ல பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவுன்னு பயந்து பிள்ளைய பாம் ஷெல்டர்ல (வீட்டுக்குள்ளயே இருக்கற பாதுகாப்பு அறை) உக்கார வெச்சுக் கதவ சாத்திட்டு வாசிக்கச் சொல்றாங்க. தயவு செஞ்சு இத செய்யாதீங்க. சுத்தி கான்கிரீட், இரும்புக் கதவு, சின்ன எடம், சத்தம் வெளிய போக வழியில்லாம சுவத்துல பட்டுப் பட்டுத் திரும்ப அந்தப் பிள்ளை காதுக்கே வருது. காத்தோட்டமும் கம்மி. உலக சுகாதார நிறுவனம் பிள்ளைங்களுக்கு சொல்ற அளவு 75 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபல் ஏறறப்பவும் நேரம் பாதியாகும், கணக்குப் போட்டா 90 டெசிபல்ல வாரத்துக்கு ஒண்ணேகால் மணி நேரம்தான். பாம் ஷெல்டர் மாதிரி எடத்துல ஓங்கி அடிச்சா இந்த அளவு சீக்கிரம் வந்துடும். வாசிச்ச பிறகு காதுல ஙொய்னு கேக்குதுன்னு பிள்ளை சொன்னா அத லேசா விட்டுடாதீங்க, செவி நரம்பு ஒரு தடவ கெட்டா திரும்ப வராது. அதனாலதான் நான் கிளாஸ்ல எல்லாரையும் ஒரே நேரத்துல வாசிக்க விடறதில்ல, ரெண்டு பேர் வாசிச்சா மத்தவங்க தாளம் போட்டு சொற்கட்டு சொல்லணும். சில பெத்தவங்களுக்கு இது நேரம் வீணாகற மாதிரி தெரியுது, ஆனா கேக்கறதும் பாடம்தான்.

ஹால்லயே வாசிக்கட்டும். சோபா, திரைச்சீலை, பாய் எல்லாம் சத்தத்தக் குடிச்சுடும். தரை வழியா கீழ் வீட்டுக்குப் போறது அதிர்வுதான், அதுக்கு மிருதங்கத்துக்கு அடியில தடிமனா ஒரு மேட் போடுங்க. 2022-ல அண்டைவீட்டு இரைச்சல் பத்தி ஆராய்ஞ்ச சமூக ஆலோசனைக் குழு ராத்திரி 10 மணிலேர்ந்து காலையில 8 மணி வரைக்கும் அமைதி நேரமா வெச்சுக்கச் சொல்லிப் பரிந்துரைச்சுது, நான் பிள்ளைங்களுக்கு சொல்றது எட்டரைக்குள்ள முடிச்சுடணும்னுதான். அதோட பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட, கீழ் வீட்டு அங்கிள்கிட்ட பிள்ளையவே கூட்டிட்டுப் போய் "தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு 15 நிமிஷம் வாசிப்பேன்"னு சொல்ல வைங்க. எப்ப ஆரம்பிக்கும் எப்ப முடியும்னு தெரிஞ்சா பெரும்பாலும் யாரும் கோவிச்சுக்கறதில்ல, தீபாவளிக்கு முறுக்கு குடுக்கப் போறப்ப அவங்களே எப்படி வாசிக்கறான்னு கேப்பாங்க.

பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதிப் பரீட்சை) வருஷம் வந்தா கிளாஸ் நிறுத்திக்கலாமான்னு கேக்கறாங்க. தாராளமா குறைச்சுக்கலாம், முழுசா நிறுத்த வேணாம். பஸ்லயும் எம்ஆர்டியிலயும் போறப்ப வாய்க்குள்ளயே சொற்கட்டு சொல்லி விரல்ல தாளம் எண்ணட்டும், யாருக்கும் தொந்தரவில்ல. வாரத்துக்கு ரெண்டு நாள் 10 நிமிஷம் மெதுவா வாசிக்கட்டும். பரீட்சை முடிஞ்ச சந்தோஷத்துல முதல் நாளே ஒரு மணி நேரம் உக்காந்தா விடாதீங்க, திரும்ப 60-லேர்ந்து, 15 நிமிஷத்துலேர்ந்து ஆரம்பிக்கட்டும்.